முப்பத்தெட்டு முத்திரைகள்

மாமியாரைப் பற்றி மருமகள் எழுதுகிறாள் என்றதும் சிலர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏமாந்துபோவீர்கள். எனக்கும் அத்தைக்கும் சண்டைகள் உண்டு. குளியலறை விளக்கை அணைக்காமல் வருவது பற்றி, நான் போனில் கத்திப் பேசுவது பற்றி, துணியை உதறாமல் காயப்போடுவது பற்றி. அதெல்லாம் வீட்டுக்குள் இருக்க வேண்டியவை, அங்கேயே இருக்கட்டும். எனக்கு இப்போது இருக்கும் கோபம் வேறு ஆள் மேல்.

நான் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். காதில் கருவியை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க அடுத்தவர்களின் கோபத்தைக் கேட்பதற்குச் சம்பளம். இரண்டு வாரம் முன்பு நாளிதழில் ஒரு செய்தி வந்தது. "அழியவிருந்த நூலைக் காத்த அதிகாரி" என்று தலைப்பு, கண்ணைத் துடைத்துக்கொள்ளும் ஒரு பெரியவரின் படம். நான் அந்தப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க புகாரைப் பதிவு பண்ணிக்கிட்டோம், உரியவங்க பார்வைக்குக் கொண்டுபோறோம்" என்றாள். அந்த வாக்கியத்தை நான் ஒரு நாளைக்கு அறுபது தடவை சொல்கிறேன். அதன் அர்த்தம் எனக்குத் தெரியாதா? அதனால்தான் நானே எழுத உட்கார்ந்தேன்.

'ஏழாம் மாடிக் கடல்' கதையைத் தெரியாதவர் இன்றைக்கு யாரும் இல்லை. படிக்காதவர்கள்கூட அந்தக் கொக்கு படம் போட்ட பையை வைத்திருக்கிறார்கள். ஆனாலும் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்குத் தெரிந்தது உண்மையான கதை இல்லை.

ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் ஒரு சிறுமி இருக்கிறாள். ஒரு நாள் படிகளை எண்ணிக்கொண்டே ஏறும்போது கணக்குத் தவறி ஏழாவது மாடிக்குப் போய்விடுகிறாள். கதவைத் திறந்தால் கடல். கரையில் ஒரு சின்னப் படகு, படகோட்டி ஒரு கிழட்டுக் கொக்கு. பக்கத்துச் சுவர் முழுக்க ஆணிகள். கொக்கு சொல்கிறது: "உன் பொய்யைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஏறு. படகு சின்னது. உன்னையும் உன் பொய்யையும் சேர்த்துத் தாங்காது." அந்தப் பெண் சின்னச் சின்னப் பொய்களாகக் கழற்றி மாட்டுகிறாள். பல் தேய்த்தேன் என்று சொன்ன பொய், வயிற்று வலி என்று பள்ளிக்குப் போகாத பொய். படகு அசையவில்லை. கடைசியில் தம்பியின் கிளிக்கூண்டைத் திறந்துவிட்டது தான்தான் என்று அழுதுகொண்டே சொன்ன பிறகுதான் துடுப்பு தண்ணீரைத் தொடுகிறது. அதற்கப்புறம் நடப்பதெல்லாம் கடல், தீவு, மூன்று நிலவு.

எழுதியவர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்துக் குறித்துவந்த மனிதர். ஏழெட்டுப் பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய பிறகு தானே சின்ன அச்சகம் ஒன்றில் அச்சிட்டார். படித்த பெரிய மனிதர்கள் சிரித்தார்கள். பிள்ளைகளை வீட்டிலிருக்கும் பெரியவர்களைச் சந்தேகப்பட வைக்கும் கதை என்று ஒரு பத்திரிகை எழுதியது. அவர் நான்கு வருடத்தில் இறந்துபோனார். கட்டுக் கட்டாகக் கிடந்த பிரதிகள் பழைய தாளாகக் கூழாக்கும் ஆலைக்குப் போயின. ஒன்றிரண்டு நூலகங்களில் மட்டும் தப்பிக் கிடந்தது. அப்படி ஒன்று என் மாமியார் வேலை பார்த்த கிளை நூலகத்தில் இருந்தது.

அத்தை அங்கே நூலகர் இல்லை. கடைநிலைப் பணியாளர். கதவைத் திறப்பது, தூசி தட்டுவது, திரும்பி வந்த புத்தகங்களை அடுக்குவது, முதுகு விட்டுப்போனவற்றைத் தைத்து ஒட்டுவது. விரலிடுக்கில் எப்போதும் பசை காய்ந்திருக்கும் என்பதால் நூலகத்துக்கு வரும் பிள்ளைகள் 'பசை அக்கா' என்று கூப்பிட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் தலை நரைத்துவிட்டது, இவர் இன்னும் பசை அக்காதான்.

அலுவலகத்தில் புட்டிப் பசை கொடுப்பார்கள். அத்தை அதைத் தொடமாட்டார். காலையில் வந்ததும் மாவைக் கரைத்துக் காய்ச்சித் தானே பசை செய்வார். ஏன் இந்த வீண் வேலை என்று நான் ஒரு முறை கேட்டேன்.

"ஒட்டறது பெரிய விஷயம் இல்லம்மா. நாளைக்கு யாராவது பிரிக்கணும்னா கிழியாம பிரியணும். அந்தப் புட்டிப் பசை செத்தாலும் விடாது, தாளையும் சேத்துப் பிச்சிக்கிட்டு வரும்" என்றார்.

இதை மறந்துவிடாதீர்கள். பின்னால் தேவைப்படும்.

அத்தை அந்தப் புத்தகத்தை முதலில் கவனித்த வருடம் என் கணவருக்கு எட்டு வயது. அவருடைய அப்பா எங்கே என்று கேட்டால் கப்பலில் வேலை பார்க்கிறார் என்று அத்தை சொல்லிவைத்திருந்தார். இவரும் பள்ளிக்கூடத்தில் கப்பல் படமாக வரைந்து தள்ளியிருக்கிறார். ஆசிரியை அதைச் சுவரில் வேறு ஒட்டிவைத்தாராம். உண்மையில் அந்த மனிதர் இரண்டு தெரு தள்ளி வேறொரு குடும்பத்தோடு இருந்தார். எந்தக் கடைக்குப் போனாலும் எதிரே வந்துவிடுவாரோ என்று அத்தை பிள்ளையைச் சுற்றுவழியில் கூட்டிக்கொண்டு போவார். பால் வாங்கப் போக அரை மணி நேரம். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். இது பொருந்தத்தான் பொருந்தியது, ஆனால் நடந்து நடந்து கால் தேய்ந்தது.

அந்த வருடம் நூலகத்துக்கு ஆய்வு வந்தது. அப்போதைய விதி இது: புத்தகத்தின் கடைசி அட்டையை அடுத்த தாளில் தேதிச் சீட்டு ஒட்டியிருக்கும். யாராவது எடுத்துப் போனால் திருப்பித் தர வேண்டிய தேதியை அதில் முத்திரையாகக் குத்துவார்கள். மூன்று வருடம் ஒரு முத்திரையும் விழாத புத்தகத்தை நீக்கிவிடலாம். அதிகாரி வந்தார். நாளிதழில் கண்ணைத் துடைத்துக்கொண்டவர் இவர்தான், அப்போது இளைஞர். அலமாரி அலமாரியாகப் போய்ப் பின்னட்டையை மட்டும் திறந்து பார்த்தாராம். முன்னட்டையைத் திறக்கவேயில்லை. 'ஏழாம் மாடிக் கடல்' சீட்டு வெறுமையாக இருந்தது. சர்ரென்று சீட்டைக் கிழித்தெடுத்து, அந்த இடத்தில் ஊதா மையில் 'நீக்கம்' என்று முத்திரை குத்தி, கையெழுத்தும் போட்டுக் நீக்கிய புத்தகங்களின் குவியலில் எறிந்தார்.

படம் போட்ட அட்டையைப் பார்த்த அத்தை, "சார், இத நான் வீட்டுக்கு எடுத்துக்கலாங்களா? பையன் இருக்கான்" என்று கேட்டிருக்கிறார்.

அவர் எரிச்சலோடு புத்தகத்தைத் திரும்ப வாங்கி அதே தாளில் ஒரு வரி எழுதி, அத்தையிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். என்ன எழுதினார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அன்று மாலை பேருந்துக்காக நின்றபடி அத்தை படிக்க ஆரம்பித்தார். மூன்று பேருந்துகள் போய்விட்டன. கொக்கு கேட்ட இடத்தில் புத்தகத்தை மூடி, மறுபடி திறந்து, மறுபடி மூடினாராம். வீட்டுக்கு வந்து மகனுக்கு அந்தப் பக்கம் வரை வாசித்துக் காட்டினார். அப்புறம் சொன்னார்: "அப்பா கப்பல்ல இல்லப்பா. ரெண்டு தெரு தள்ளி இருக்காரு. வேற வீட்டுல. நான்தான் உன்கிட்ட பொய் சொன்னேன்."

என் கணவர் இன்றைக்கும் அதைச் சொல்வதுண்டு. "அழுதேன்தான். ஆனா மறுநாள் அம்மா நேர் வழியில கடைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. கைய வீசிக்கிட்டு நடந்தாங்க" என்பார்.

இப்படி ஒரு புத்தகத்தைப் பெட்டியில் பூட்டி வைக்க அத்தைக்கு மனம் வரவில்லை. இதே மாதிரி எத்தனை வீட்டில் எத்தனை கப்பலோ என்று நினைத்திருக்கிறார். மறுநாள் அதை நூலகத்துக்கே எடுத்துப் போனார். ஊதா முத்திரையை மறைத்துப் புதுத் தேதிச் சீட்டு ஒன்றை மாவுப் பசையால் ஒட்டி, பிள்ளைகள் அலமாரியில் பழைய இடத்திலேயே செருகிவிட்டார். அடுத்த ஆய்வில் சீட்டு வெறுமையாக இருந்தால் மறுபடி பிடித்துக்கொள்வார்களே. அதனால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, சரியாக, தானே ஒரு முத்திரை குத்தினார். முப்பத்தெட்டு முத்திரை. நிரம்பிப் போன சீட்டைப் பார்த்துவிட்டு, இதில் என்னவோ இருக்கிறது என்று ஒரு பள்ளிக்கூடச் சிறுமி எடுத்துப் போனாள். அவளுக்காக எதிர்ப்பக்கத்தில் இரண்டாவது சீட்டு ஒட்ட வேண்டியிருந்தது. முதல் உண்மையான முத்திரை அதில்தான் விழுந்தது.

அதற்கப்புறம் அத்தை பொய் முத்திரை குத்தத் தேவையே இருக்கவில்லை. அந்தச் சிறுமி தன் தோழிகளிடம் சொன்னாள். அவர்கள் விளையாட்டு மைதானச் சுவரில் ஆணி அடித்து, காகிதத்தில் பொய்களை எழுதி மாட்டினார்கள். தலைமையாசிரியர் ஆணிகளைப் பிடுங்கினார், பிள்ளைகள் மறுபடி அடித்தார்கள். மூன்று பேர் செய்தால் தடை, முப்பது பேர் செய்தால் செய்தி. ஒரு வானொலிக்காரர் அந்தச் சுவரைப் பற்றிக் கேள்விப்பட்டு, நூலகத்துக்கு வந்து புத்தகத்தை வாங்கிப் படித்து, வாரத் தொடராக வாசித்தார். அதிலிருந்து நாடகம், நாடகத்திலிருந்து தொலைக்காட்சி. வீட்டுச் சண்டையில், கடையில், நீதிமன்றத்தில்கூட "முதல்ல கழட்டி மாட்டு" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே சொன்னார்கள்.

பிறகு ஒரு பெரிய நிறுவனம் கதையின் உரிமையை வாங்கியது. அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சினிமா எடுத்தார்கள். நாங்கள் குடும்பத்தோடு போயிருந்தோம், எனக்குப் புதிதாகக் கல்யாணமாகியிருந்த சமயம். திரையில் கொக்கு வந்தது, அழகாகத்தான் இருந்தது. வாயைத் திறந்து, "உன் கனவு ஒன்றைக் கொடுத்துவிட்டு ஏறு, குழந்தாய்" என்றது.

இருட்டில் அத்தை எழுந்து நின்றுவிட்டார். "கனவா? எந்தப் பாவி மாத்தினான்?"

பின்வரிசைக்காரர் உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. நான் அவமானத்தில் குனிந்துகொண்டேன், அதை இப்போது நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது. பொய் என்றால் பிள்ளைகள் பயப்படுவார்களாம், விளம்பரம் தருகிறவர்களுக்கும் பிடிக்காதாம். அதனால் கனவு. கனவைக் கொடுக்க யாருக்கு வலிக்கும்? எட்டு வயதுப் பிள்ளையிடம் கேட்டால் ஒரு கூடை கொடுத்துவிடும். அதோடு நிற்கவில்லை. அதற்குப் பிறகு கடைக்கு வந்த பதிப்புகள் எல்லாவற்றிலும் கனவுதான் அச்சானது. பொய்யும் ஆணியும் போயே போய்விட்டன. கோப்பையில் கொக்கு, பற்பசையில் கொக்கு, வங்கி விளம்பரத்தில் கொக்கு. மற்ற நூலகப் பிரதிகள் எப்போதோ கழிந்துபோக, பழைய கொக்கு பொய்யைக் கேட்ட பக்கம் இருந்தது அந்தக் கிளை நூலகத்தில், அத்தை நான்கு தடவை முதுகு தைத்த ஒற்றைப் பிரதியில் மட்டும்தான்.

போன மாதம் அங்கிருந்து இப்போதைய நூலகர் போன் செய்தாள். சின்னப் பெண், நல்ல பெண். அழுவது போல் பேசினாள்.

"பசை அக்கா, நம்ம புத்தகத்த எடுத்துட்டுப் போயிட்டாங்க. மேலிடத்துல நிறுவனத்துக்கு அன்பளிப்பா குடுத்துட்டாங்களாம். புதுசா மண்டபம் கட்டியிருக்காங்கல்ல, அங்க கண்ணாடிப் பெட்டியில வைக்கப் போறாங்க."

"பிள்ளைங்க எப்படிப் படிப்பாங்க?" என்றார் அத்தை.

"படிக்க முடியாதுக்கா. பெட்டிக்குப் பூட்டு."

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று ஒரு பழமொழி உண்டு. அன்று வீட்டில் நான்தான் கத்தினேன். அத்தையோ பைக்குள் மூக்குக்கண்ணாடியும் ஒரு சுத்தமான பருத்தித் துணியும் எடுத்து வைத்தார். "திறப்பு விழா என்னிக்குன்னு பாத்துச் சொல்லும்மா" என்றார்.

எங்களுக்கு அழைப்பு இல்லை. நூலகர் தன் அழைப்பிதழில் எங்களை உள்ளே கூட்டிப் போனாள். என் கணவர் மின்தூக்கி பழுதுபார்ப்பவர், அந்த மண்டபத்து மின்தூக்கியையும் பார்த்துவிட்டு வந்தவர். "ஏழுன்னு ஒரு பட்டன் வெச்சிருக்காங்க. அழுத்தினா ஆறாவது மாடியில இருக்கிற கடைக்குத்தான் போகுது" என்று முன்பே சொல்லியிருந்தார். அன்று அவருக்கு வேலை, வர முடியவில்லை.

கூடத்தில் நுழைந்ததும் வெண்கலச் சிலைகள். சிறுவர், சிறுமியர், கையில் புத்தகம், வரிசையாக. எண்ணிப் பார்த்தேன். முப்பத்தெட்டு. கீழே பலகை: "உலகமே இந்த நூலைப் புறக்கணித்தபோது தேடி வந்து படித்த, பெயர் தெரியாத முப்பத்தெட்டுக் குழந்தைகளுக்கு." கண்ணாடிப் பெட்டியில் புத்தகம் இருந்தது, கடைசித் தாளில் திறந்தபடி. கதையில் ஒரு வரிகூடத் தெரியாது. முத்திரைகள் மட்டும் தெரியும்.

நான் அத்தையைப் பார்த்தேன். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் அவர்தான்.

அதைவிடக் கூத்து ஒன்று இருந்தது. அந்த முப்பத்தெட்டில் தாங்களும் ஒருவர் என்று சொல்லிக்கொண்டு நூற்றிப்பத்துப் பேர் பெயர் கொடுத்திருந்தார்களாம். அதில் ஒரு முன்னாள் அமைச்சர், இரண்டு மருத்துவர்கள், அந்த நாளில் ஆணியைப் பிடுங்கிய தலைமையாசிரியரின் மகன். பாதிப் பேர் முன்வரிசைகளில் பூங்கொத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். புத்தகம் ஜெயித்துவிட்டது என்றதும் அதை ஆரம்பத்திலேயே நேசித்தவர்கள் எங்கிருந்துதான் கிளம்பி வருகிறார்களோ. அன்றைக்கு இவர்களில் பத்துப் பேர் உண்மையாகவே வந்திருந்தால் என் மாமியார் திருட்டு முத்திரை குத்தியிருக்க வேண்டாம்.

அன்று ஆய்வுக்கு வந்த அந்தப் பெரியவர் மேடையேறினார். நோகாமல் நுங்கு தின்பது என்பார்களே, அதை அன்று நேரில் பார்த்தேன். ஓய்வுபெற்ற பிறகு 'கொக்கு நேசர் மன்றம்' ஒன்றுக்குத் தலைவராகியிருந்தார். "எத்தனையோ அழுத்தம் வந்தது. நீக்கு, நீக்கு என்றார்கள். நான் மறுத்துவிட்டேன். இந்த முத்திரைகளைப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஒரு குழந்தையின் இதயத் துடிப்பு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. படம் எடுத்தார்கள், நாளிதழில் வந்த படம் அதுதான்.

அத்தை எழுந்தார். பள்ளிப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார். மஞ்சள் கோட்டுப் போட்ட ஒரு பெண், நிறுவனத்தின் சார்பில் விழாவை நடத்தியவள், இவரையும் நூற்றிப்பத்தில் ஒருவர் என்று நினைத்தாள்போல. சிரித்துக்கொண்டே ஒலிவாங்கியை நீட்டினாள்.

"முதல்ல என்னோடத கழட்டிடறேன்" என்றார் அத்தை. "நான் அந்த நூலகத்துல பணியாளரா இருந்தவ. அந்த முப்பத்தெட்டு முத்திரையும் நான் குத்தினது. ஒரு பிள்ளையும் அப்ப எடுக்கல. பொய்யாத்தான் குத்தினேன்."

முன்வரிசையில் ஒரு பூங்கொத்து கீழே விழுந்தது. பூங்கொத்துக்காரர்கள் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

பெரியவர் அசரவில்லை. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஒரு நொடி விழித்தார், உடனே முகம் மலர்ந்தது. "ஆமாம், ஆமாம். இந்தம்மா நம்ம ஆளுதான். நான்தான் அப்படிக் குத்தச் சொன்னேன். மேலிடத்துக்குத் தெரியக் கூடாதுன்னு இத்தன வருஷமா வெளிய சொல்லல" என்றார். கைதட்டினார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் தோட்டத்தையே மறைத்தார்.

நான் எழுந்து கத்தப் போனேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அந்தப் பெட்டிய ஒரு நிமிஷம் திறக்கறீங்களாம்மா?" என்று மஞ்சள் கோட்டுப் பெண்ணிடம் கேட்டார். "எல்லாருக்கும் ஒண்ணு காட்டணும்."

அத்தனை கேமராவுக்கு முன்னால் அவள் எப்படி மாட்டேன் என்பாள்? திறந்தாள். அத்தை பையிலிருந்து துணியை எடுத்து, மேடையில் வைத்திருந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்தார். சீட்டின் மேல் பதமாக ஒற்றினார். தேய்க்கவில்லை. காத்திருந்தார், மறுபடி ஒற்றினார். யாரோ "புத்தகம் பாழாகப் போகுது" என்றார்கள். அத்தை தலை நிமிரவில்லை. நான்கைந்து நிமிடம் இருக்கும். பிறகு நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி மெதுவாக இழுத்தார். முப்பத்தெட்டு முத்திரையோடு சீட்டு முழுசாகப் பிரிந்து வந்தது. அடித்தாளில் ஒரு நார்கூடக் கிழியவில்லை.

கீழே ஊதா மை. 'நீக்கம்.' பெரியவரின் கையெழுத்து, தேதி. அதற்கடியில் அவர் கைப்பட எழுதிய வரியை அத்தை ஒலிவாங்கியில் நிதானமாக வாசித்தார்:

"வெறும் குப்பை. வேண்டுமானால் பணியாளர் சொந்தமாக எடுத்துக்கொள்ளலாம்."

"இதுக்குக் கீழ இருக்கிறது என் கையெழுத்து" என்றார். "சார், நீங்க அன்னிக்கே இத எனக்குக் குடுத்துட்டீங்க. அப்புறம் இது நூலகத்துப் புத்தகமே இல்ல. என்னோடது. நான்தான் இத்தன வருஷமும் அந்த அலமாரியில வெச்சிருந்தேன். மேலிடத்துல இருக்கிறவங்க என் புத்தகத்த எப்படி அன்பளிப்பா குடுத்தாங்கன்னு எனக்குப் புரியல."

பெரியவர் இருமினார். இரும ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை, தண்ணீர் கேட்டுக்கொண்டே மேடையின் பின்பக்கமாக இறங்கிப் போனார். நிறுவனத்து வழக்கறிஞர் வந்து அந்தத் தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். மஞ்சள் கோட்டுப் பெண் கெட்டிக்காரி. சட்டென்று அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, இது அதவிட அருமையான கதை. ஒரு சாதாரணப் பெண் காப்பாத்தின புத்தகம். உங்களுக்கே ஒரு சிலை வெக்கலாம். புத்தகம் இங்கயே இருக்கட்டும், உங்க பேர்ல."

"எனக்குச் சிலையா?" அத்தை வரிசையைத் திரும்பிப் பார்த்தார். "முப்பத்தெட்டு பத்தாதாம்மா?"

முதல் முறையாக அந்தக் கூடத்தில் யாரோ உண்மையாகச் சிரித்தார்கள். அத்தை புத்தகத்தை உலர்ந்த கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். யாரும் தடுக்கவில்லை. பிரித்தெடுத்த சீட்டை மஞ்சள் கோட்டுப் பெண்ணின் கையில் கொடுத்து, "இது உங்களுக்குத்தானே வேணும்? கண்ணாடிக்குள்ள வெச்சுக்கோங்க" என்றார். நாங்கள் பேருந்து பிடித்து நேரே கிளை நூலகத்துக்குப் போனோம். அந்த ஈரத் தாள் காயும்வரை அத்தை பழைய மேசையில் உட்கார்ந்து மாவுப் பசை காய்ச்சினார். இந்த முறை ஊதா முத்திரையை மறைக்கவில்லை. பக்கத்தில் ஒதுக்கமாக, வெறும் சீட்டு ஒன்றை ஒட்டினார். நூலகர் பதிவேட்டில் 'அன்பளிப்பு' என்று எழுதி, கொடுத்தவர் பெயர் என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"என்ன எழுதணும்க்கா?"

"பிள்ளைங்க கூப்பிடற பேரையே எழுது."

மறுநாள் நாளிதழில் என்ன வந்தது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பெரியவரின் பேச்சு முடிந்ததும் அந்த நிருபர் சாப்பிடப் போய்விட்டாராம். அத்தை பற்றி ஒரு வரி இல்லை. அது போதாதென்று அரசு அலுவலகத்திலிருந்து அத்தைக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது: நூலகத் தேதிச் சீட்டில் முப்பத்தெட்டுப் பொய் முத்திரைகள் இட்டதற்கு விளக்கம் தருக. அந்தப் பெரியவருக்கு அப்படி எந்தக் கடிதமும் போகவில்லை, விசாரித்துவிட்டேன். நான் கொதித்துக்கொண்டிருக்கிறேன். அத்தை மேசையில் உட்கார்ந்து, "பொய் முத்திரை இட்டது உண்மை" என்று ஒரே வரியில் பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, என்னிடமே கொடுத்துத் தபாலில் போடச் சொன்னார். குளியலறை விளக்கை அணைத்தாயா என்றும் கேட்டார்.

அஞ்சலகம் நூலகத்தைத் தாண்டித்தான். கடிதத்தைப் போட்டுவிட்டு உள்ளே போனேன். புத்தகம் பத்திரமாக இருக்கிறதா என்று ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும்போல இருந்தது. பிள்ளைகள் அலமாரியில் அதன் இடத்தில் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி. எனக்கு ரத்தம் தலைக்கேறியது. மறுபடி வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டார்களா என்று நூலகரிடம் பாய்ந்தேன்.

"இல்லக்கா" என்றாள் அவள். "நேத்து ஒரு பொண்ணு எடுத்துட்டுப் போயிருக்கா. அடுத்து ஒன்பது பேர் பேர் குடுத்திருக்காங்க."